மறுமொழி: லத்தீனின் ‘அப்லேட்டிவ்’ வேற்றுமைக்குத் தமிழ்ப் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்க, லத்தீன் தொடக்கப் பாடத்தின் கற்றல் நோக்கங்களில் நம்மை நிறுத்தி வைத்திருக்கும் வரி இது: “முதலாண்டு முடிவில் மாணவர் அப்லேட்டிவ் வேற்றுமையின் பொருள்களை இனங்கண்டு, எளிய உரைநடையை அகராதித் துணையுடன் படிப்பார்.” அந்த வேற்றுமையை ‘ஐந்தாம் வேற்றுமை’ என்கலாம் என்று ஒரு மடலும், ‘நீங்கல் வேற்றுமை’ என்கலாம் என்று மற்றொரு மடலும் சொல்கின்றன. இரண்டுமே மாணவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணை முதலில் தள்ளிவிடலாம். ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கில் இது ஆறாவது. லத்தீனுக்கே உரியது என்றும் குறித்தார். நமக்கோ ஆறாவது என்றால் உடைமைப் பொருள். எண் வைத்தால் இரு மரபுகளும் மோதிக்கொண்டே இருக்கும்.

‘நீங்கல்’ என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ‘அப்லாட்டிவுஸ்’ என்ற லத்தீன் பெயரே ‘அகற்றப்பட்டது’ என்ற வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இந்தப் பெயர் ரோமானியக் கல்வியாளர் குவின்டிலியனை உறுத்தியிருக்கிறது. கல்வி பற்றிய தம் நூலில், இலக்கண ஆசிரியர் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லிவரும்போது ‘ஹாஸ்தா பெர்குஸ்ஸி’ என்ற தொடரை எடுத்துக்காட்டுகிறார். ‘ஈட்டியால் தாக்கினேன்’ என்று பொருள். இங்கே அப்லேட்டிவின் இயல்பு இல்லையே, அப்படியானால் லத்தீனுக்கு ஏழாவது வேற்றுமை ஒன்று உண்டா என்று கேட்கிறார். ஈட்டி கருவி, அதிலிருந்து எதுவும் நீங்கவில்லை. தமிழ் மாணவருக்கு ‘ஆல்’ உருபு உடனே தோன்றும். ‘நீங்கல்’ என்ற பெயர் அந்த இயல்பான புரிதலுக்குக் குறுக்கே நிற்கும்.

நடந்தது என்னவென்றால், நீங்கல், கருவி, இடம் ஆகிய மூன்று பழைய வேற்றுமைகள் லத்தீனில் ஏறக்குறைய ஒரே வடிவமாகிவிட்டன. நம் ‘இலிருந்து’, ‘ஆல்’, ‘இல்’ மூன்றும் அங்கே ஒரு சொல்வடிவில் இருக்கின்றன. ஆகவே என் முன்மொழிவு: ‘இணைவு வேற்றுமை’. இந்த நிகழ்வுக்குப் பொதுப்பெயர் ‘வேற்றுமை இணைவு’.

தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் இருக்க, ‘மயக்கம்’ போதாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சொல்லின் மீது பற்று உண்டு. ஆனால் மயக்கத்தில் உருபுகள் தனித்தனியே நின்று, ஒன்றன் பொருளில் மற்றொன்று வருகிறது. லத்தீனில் வடிவங்களே ஒன்றாகிவிட்டன. இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

கிரேக்கத்திலும் இணைவு உண்டு, வழிதான் வேறு. அங்கே நீங்கல் பொருள் உடைமை வேற்றுமைக்குப் போயிற்று. கருவியும் இடமும் கொடை வேற்றுமையில் சேர்ந்தன. அவ்விரண்டுக்கும் முதற்பொருள் தெளிவாக இருப்பதால் பழைய பெயர்களே போதும்.

‘அப்லேட்டிவ் அப்சல்யூட்’ பற்றியும், அதாவது பெயரும் எச்சமும் அப்லேட்டிவில் நின்று முதன்மை வாக்கியத்திலிருந்து தனித்து வரும் தொடர் பற்றியும், முடிவெடுத்துவிடலாம். சீசரின் நூலில் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும் அமைப்பு அது. ‘ஊர்பே காப்தா’ என்பதை ‘நகரம் கைப்பற்றப்பட்ட நிலையில்’ என்று மொழிபெயர்ப்பது சுற்றிவளைப்பு. ‘நகரம் பிடிபட, படை திரும்பியது’ என்று பாருங்கள். ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதன் அமைப்பு அப்படியே இருக்கிறது: எச்சத்துக்கு ஓர் எழுவாய், முற்றுக்கு வேறோர் எழுவாய். ‘செய’ என்னும் எச்சத்தை நாள்தோறும் பேசுகிற பிள்ளைக்கு ஆங்கிலத்தின் வழியாக இதைக் கற்றுக்கொடுப்பது பெரிய இழப்பு. இதற்குத் ‘தனிநிலைத் தொடர்’ என்று பெயரிட்டால், லத்தீனில் இணைவுத் தனிநிலை, கிரேக்கத்தில் உடைமைத் தனிநிலை என்று இரு மொழிக்கும் ஒரே சொல் பயன்படும்.

1997-இல் அமெரிக்காவில் வெளியான கிரேக்க, லத்தீன் கல்வித் தரக்குறிப்பின் ஐந்து நோக்கங்களில் ஒப்பீடும் ஒன்று. ஆகவே வரியை இப்படித் திருத்தலாம்: “மாணவர் இணைவு வேற்றுமையின் மூவகைப் பொருளையும் தமிழ் உருபுகளோடு ஒப்பிட்டு இனங்காண்பார், தனிநிலைத் தொடரை ‘செய’ எச்சத்தால் பெயர்ப்பார்.”

‘இணைவு’ என்பது உடனிகழ்ச்சிப் பொருளோடு குழம்பும் என்று யாருக்கேனும் தோன்றினால், அப்படிக் குழம்பும் ஒரு வாக்கியத்துடன் எழுதுங்கள். கிரேக்க வினையின் ‘ஏயோரிஸ்ட்’ என்னும் வடிவத்துக்கு ‘இறந்தகாலம்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பதை அடுத்து எடுத்துக்கொள்வோம். ஏவலிலும் வரும் வடிவத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.