வேதாகமத்தின் சங்கீத எண்கள் ஏன் ஒத்துவருவதில்லை?

வெள்ளவத்தை_வாசகர்:
மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் சேர்ந்து படிக்கிற வேதபாடக் குழு எங்களுடையது. தாளில் சங்கீதம் 116:12 எண்டு போட்டால், பழைய கத்தோலிக்கப் புத்தகம் வைத்திருக்கிறவைக்கு 116இல் இரண்டே வசனம்தான் இருக்குது. இன்னொருவர் கொண்டுவரும் ஆங்கில வேதாகமத்தில் 51ஆம் சங்கீதம் இரண்டு வசனம் தள்ளி நிக்குது. எந்த எண்ணைப் போடுவது? எண்ணால பொருளும் மாறுமா?

கொட்டாஞ்சேனையான்:
இது இரண்டு வெவ்வேறு சிக்கல். முதலாவது, பாட்டின் எண். மெதடிஸ்தர் படிக்கிற வேதாகமம் எபிரேய எண்வரிசையில் போகும், பழைய கத்தோலிக்கப் பதிப்புகள் கிரேக்க, லத்தீன் எண்வரிசையில் போகும். 1 முதல் 8 வரை வித்தியாசமில்லை. எபிரேயத்தின் 9, 10 இரண்டும் கிரேக்கத்தில் ஒரே 9. அதிலிருந்து 113 வரை கிரேக்க எண் ஒன்று குறைவு. 114உம் 115உம் சேர்ந்து 113 ஆகும். உங்கட 116 அங்கே இரண்டாக உடையும்: 1-9 என்பது 114, 10-19 என்பது 115. பிறகு 146 வரை மறுபடி ஒன்று குறைவு. 147 இரண்டாக (1-11, 12-20) உடைவதால் 148இல் கணக்கு நேராகிவிடும். மொத்தம் இரண்டிலும் 150.

தாளில் எபிரேய எண்ணைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் கிரேக்க எண்ணையும் எழுதுங்கோ. பாட்டின் முதல் அடியையும் கட்டாயம் எழுதுங்கோ. எண் குழம்பினாலும் அது காட்டிக்கொடுக்கும்.

ஏட்டுச்சுவடி:
51இன் சிக்கல் தலைப்பில். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராசாவிடம் வந்தபோது பாடியது என்ற குறிப்பை எபிரேயப் பதிப்பும், அதைப் பின்பற்றுகிற சில ஆங்கில வேதாகமங்களும் 1, 2ஆம் வசனங்களாக எண்ணும். தமிழில் அது எண்ணில்லாத தலைப்பு. 52, 54, 60இலும் இப்படித்தான் இரண்டு தள்ளும். 3ஆம் சங்கீதத்தில் ஒன்று. 23இல் தலைப்பு முதல் வசனத்துக்குள்ளேயே அடங்குவதால் தள்ளாது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே கழித்தல் சூத்திரம் சரிவராது, பாட்டுப் பாட்டாகப் பார்க்கத்தான் வேணும்.

பொருளைப் பற்றி: அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது, புதிய ஏற்பாட்டு வசன எண் 1551இல் ரொபேர் எத்தியேன் போட்டது. மூல ஆசிரியர்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 1 கொரிந்தியர் 11:1ஐப் பாருங்கோ. பவுல் தன்னைப் பின்பற்றச் சொல்வது 10ஆம் அதிகாரத்தில் வரும், விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு பற்றிய விவாதத்தின் முடிவு. அதை 11இன் தொடக்கமாக வாசித்தால், அடுத்து வரும் பெண்கள் முக்காடிடுகிற விவகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளவத்தை_வாசகர்:
அப்ப 9, 10ஆம் சங்கீதங்களை ஒரே பாட்டாகவே படிப்பிக்கலாமா?

கொட்டாஞ்சேனையான்:
ஓம். அடிகளின் முதலெழுத்துகளாக எபிரேய அகரவரிசை 9இல் முதல் எழுத்து ஆலெப்பில் தொடங்கி 10இன் முடிவில் கடைசி எழுத்து தாவ் வரை ஓடுது. 10க்குத் தலைப்பும் இல்லை.

ஏட்டுச்சுவடி:
அவசரப்பட வேண்டாம். வரிசையில் நாலாம் எழுத்து தாலெத் இல்லை, 10இன் நடுவிலும் எழுத்துகள் விடுபட்டிருக்கு. 9 பெரும்பாலும் நன்றிப்பாட்டு, 10 முறையீடு. அதைவிட 42, 43 உறுதியான சோடி. கிரேக்கம்கூட அவற்றைச் சேர்க்கவில்லை, ஆனால் ஆத்துமா ஏன் கலங்குகிறது என்ற ஒரே பல்லவி 42:5, 42:11, 43:5 மூன்றிலும் வருது. அதைத் தொடங்கிப் பாருங்கோ, இரண்டும் சேர்ந்து 16 வசனம்தான். 9உம் 10உம் 38 வசனம், ஒரு மாலையில் முடியாது.