கல்லூரிக்குக் கிளம்பும் முன் மிச்சமிருக்கும் மாதங்கள் சபைக்கா, பாட்டிக்கா?

பாகான் ஜெர்மால் பையன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய பரீட்சை) முடித்துவிட்டேன். யூ.பி.யூ. என்ற பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சபா பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியலை முதலில் போட்டிருக்கிறேன், அடுத்தது திரங்கானு. எது கிடைத்தாலும் அக்டோபர் வாக்கில் பட்டர்வொர்த்தை விட்டுப் போகிறேன்.

எங்கள் தமிழ்ச் சபை சின்னது. கடை வீட்டின் மாடியில் கூடுகிறோம். கீபோர்ட் வாசிப்பது நான் மட்டும்தான். சனிக்கிழமை வாலிபர் கூட்டம், அதற்கு முன் பாடல் பயிற்சி, பள்ளி விடுமுறையில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), ஆகஸ்டில் பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் (எஸ்டேட்டில்) ஊழியம் என்று எங்கள் வாலிபர் தலைவர் பட்டியல் கொடுத்துவிட்டார். "வீட்டில் இருக்கும் இந்தக் கடைசி மாதங்களை முழுசாகக் கர்த்தருக்குக் கொடு" என்கிறார்.

வீட்டில் பாட்டிக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, மத்தியான நேரம். அப்பா துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார், அம்மாவுக்குப் பிறையில் ஃபேக்டரி ஷிப்ட். அத்தைதான் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முட்டி வலி வந்து இப்போது முடியவில்லை. சனிக்கிழமை இரண்டும் மோதுகின்றன. எதற்கு முதலிடம்? வேதத்தோடு சொல்லுங்கள், அனுபவத்தோடும் சொல்லுங்கள்.

விதைப்பவன்:
தம்பி, நான் செந்தூலில் ஒரு சபையில் வாலிபர் ஊழியம் பார்க்கிறேன். உன் தலைவர் சொன்னதை அப்படியே நானும் சொல்வேன். இந்த நாட்டில் தமிழ்ச் சபைகளைத் தாங்கியவர்கள் முழுநேரப் போதகர்கள் மட்டும் இல்லை. பகலில் ரப்பர் மரத்தில் பால் எடுத்துவிட்டு, ராத்திரி தோட்டத்து லயத்து வீட்டில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்தியவர்களும்தான். அவர்களுக்கும் வீட்டில் வயதானவர்கள் இருந்தார்கள்.

உன் இளமையைப் பார்த்து யாரும் உன்னை லேசாக நினைக்காதபடி விசுவாசிகளுக்கு மாதிரியாக இரு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார், முதலாம் நிருபம் 4-ஆம் அதிகாரம். வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டவனுக்கு, கலப்பையில் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காதே என்றார் இயேசு. கடினமான வார்த்தைதான், ஆனாலும் அதைச் சொன்னது அவர். பாட்டிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் சபைக்கு இருக்கும் கீபோர்ட் வாசிப்பவன் நீ ஒருவன். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடி வருடம் முழுக்க வேறு யார் போகிறார்கள்?

மாக் மண்டின் அக்கா:
விதைப்பவன், அதே நிருபத்தில் அடுத்த அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். 5-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனம். ஒரு விதவைக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால், அவர்கள் முதலில் தங்கள் சொந்தக் குடும்பத்தைத் தேவபக்தியாக விசாரிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று இருக்கிறது. பேரன் பேத்தி என்றே எழுதியிருக்கிறது! பாட்டிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ ஊழியத்துக்கு வா என்று சொல்ல அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

மாற்கு 7-ஐயும் படியுங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார்?

தம்பி, என் மாமியார் இறக்கும் வரை டயாலிசிஸில் இருந்தார், அதனால் சொல்கிறேன். ஒரு முறைக்கு 4 மணி நேரம். போகும்போது நன்றாகப் பேசிக்கொண்டு போவார்கள். முடிந்து எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். அந்த நேரத்தில் கைப்பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் பை மாட்டக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வெயிலில் தாகம் தாங்காமல் கேட்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். இதையெல்லாம் கிராப் வாடகைக் கார் ஓட்டுநரிடம் ஒப்படைக்க முடியாது. உன் பாட்டிக்கு இது சனிக்கிழமை வேலை இல்லை, உயிர்.

விதைப்பவன்:
அக்கா, கொர்பான் என்று சொன்னது மனதைக் குத்துகிறது. சொத்தைத் தாய் தகப்பனுக்குக் கொடுக்க மனமில்லாமல் கோவில் பேரைச் சொல்லித் தப்பித்தவர்களைப் பற்றிய பேச்சு அது. இந்தத் தம்பி எதிலிருந்தும் தப்பிக்கவில்லை. செவ்வாய், வியாழன் அவன் போகட்டும், சந்தோஷம். நான் கேட்பது சனிக்கிழமை ஒரு நாளை. அந்த ஒரு நாளுக்கு அப்பாவோ சபையில் ஒரு மூத்த சகோதரியோ போக முடியாதா? பாட்டியைச் சபை தாங்கட்டும், சபையைத் தம்பி தாங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கல்லூரிக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பி வந்து அதே சபையில் உட்கார்ந்தார்கள்? வேலை சிங்கப்பூரில், கல்யாணம் கிள்ளானில், ஆராதனை ஆங்கிலச் சபையில். ஒவ்வொரு பிள்ளையும் கிளம்பும்போது என் நெஞ்சு பதறுகிறது. இந்த மாதங்கள் போனால் அந்தச் சபைக்கு அவன் திரும்பக் கிடைக்க மாட்டான். அதனால்தான் கெஞ்சுகிறேன்.

பி.எம். கத்தோலிக்கன்:
உங்கள் சபைக்காரர்கள் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஜூலை மாதத்தில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் இப்போது புனித அன்னாள் திருவிழாக் காலம். 26-ஆம் தேதி திருநாள். அன்னாள் யார்? மரியாவின் தாய், இயேசுவின் பாட்டி. அந்தத் திருநாளையொட்டித்தான் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியவர்களுக்கும் உரிய உலக நாளாகப் போப் பிரான்சிஸ் 2021-ல் ஏற்படுத்தினார். கோவிலுக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கோவிலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யார் சொல்வார்கள்?

விதைப்பவன்:
அன்னாளின் பெயர் வேதாகமத்தில் இல்லை ஐயா, அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. முதியவர்களை மதிக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே கிடையாது.

செபராங் ஜெயா அப்பா:
எல்லாரும் வசனம் சொல்கிறீர்கள், காசு பற்றி யாரும் பேசவில்லை. என் மகன் சரவாக்கில் படிக்கிறான். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் பணம் கைக்கு வருவதற்குள் பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், மெத்தை, வாளி, மடிக்கணினி என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். இரண்டு மாதம் வேலை செய்தாலே அப்பா தலையில் இருக்கும் பாரம் பாதி குறையும். டிரெய்லர் ஓட்டுபவர் வாய் விட்டுக் கேட்க மாட்டார். அவர் முகத்தையும் பார் தம்பி.

கினபாலு போய் வந்தவள்:
நான் கூலிமில் பிறந்தவள், சபா பல்கலைக்கழகத்தில் படித்தேன். அண்ணனும் அக்காவும் பேசுவதைப் படித்தால், இவன் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி போல இருக்கிறது. இவன் எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறான் என்று யாராவது கேளுங்கள்.

தம்பி, பினாங்கிலிருந்து சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் ஏறக்குறைய 3 மணி நேரம். இறங்கினால் வேறு உலகம். 2020 கணக்கெடுப்பில் மலேசியா முழுக்கக் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, சபாவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. நம் பக்கம் புனித வெள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போகிறோம், அங்கே அது பொது விடுமுறை. நான் போனது எஸ்.ஐ.பி. (சிடாங் இன்ஜில் போர்னியோ) சபைக்கு. ஆராதனை மலாயில். அந்த ஊர்ப் பூர்வகுடிகளான கடசான், டூசுன், மூருட் மக்கள் அவ்வளவு உருக்கமாகப் பாடுவார்கள். எனக்கோ பள்ளிப் பரீட்சை எழுதிய மொழியில் ஜெபம் வரவே மாட்டேன் என்றது. பரமண்டல ஜெபத்தைப் "பாபா காமி" (எங்கள் பிதாவே) என்று தொடங்கி எல்லாரும் சொல்லும்போது நான் மட்டும் வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்ப மாட்டார்கள். போகாவிட்டால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். அந்தக் காலையில் என்னை எழுந்து உட்கார வைத்தது எங்கள் வாலிபர் கூட்டம் இல்லை, அதில் எனக்குக் கொடுத்த பொறுப்புகளும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எங்கள் தாத்தா நடத்திய குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், வீட்டில் இருக்கிற எல்லார் பெயரும். சின்ன வயதில் அது எப்போது முடியும் என்று காத்திருப்பேன். அங்கே போனபின் விடுதி அறையில் அதே வரிசையில் தனியாகச் செய்தேன்.

தீமோத்தேயுவைப் பற்றிச் சொன்னீர்களே விதைப்பவன் அண்ணா, அவனுக்கு விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று பவுலே சொல்கிறார். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள். தம்பி, டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த 4 மணி நேரமும் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதே. பாட்டியிடம் கேள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், யார் கையில் ஞானஸ்நானம் எடுத்தார், எந்தக் கீர்த்தனை மனப்பாடம், யாருக்காகத் தினமும் ஜெபிக்கிறார். அவர் ஜெபிக்கும் பெயர்களை எழுதி வாங்கு. அதையும் ஊழியம் என்றுதான் நான் சொல்வேன். எஃப்.இ.எஸ். என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பின் ஆட்களை முன்கூட்டியே தொடர்புகொள், அங்கே படிக்கும் மாணவர்களின் நம்பர் கிடைக்கும்.

விதைப்பவன்:
தங்கச்சி, உங்கள் தாத்தாவுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் குடும்ப ஜெபமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என் கூட்டத்தில் பாதிப் பேர். அப்பா குடித்துவிட்டு வரும் வீடு, அம்மா தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வீடு. அந்தப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் இருக்கிறது. கீபோர்ட் வாசிக்கும் அண்ணன் வரவில்லை என்றால் அவர்களுக்கு அது ஒரு பாட்டு குறைந்தது என்று ஆகாது. நம்மை நம்பி வந்த ஒருவர் விட்டுவிட்டார் என்று ஆகும். இதையும் தராசில் வையுங்கள்.

மாக் மண்டின் அக்கா:
இது நியாயமான வார்த்தை, இதற்கு நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அக்டோபரில் அந்த அண்ணன் எப்படியும் போகத்தான் போகிறான். ஒரே ஒரு பையன் மேல் ஆராதனை முழுவதையும் தூக்கி வைத்துவிட்டு, அவன் கிளம்பும் நேரத்தில் "நீ போனால் யார்?" என்று கேட்பது நமது சபைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பதினாறு வயதில் சவுண்ட், பதினேழில் புரொஜெக்டர், பதினெட்டில் பாடல் தலைவர். அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க ஒருவருக்கும் நேரம் இல்லை. இந்த மாதங்களில் அவன் வாசிக்கவே வேண்டாம், வேறு ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பயிற்சியை ஞாயிறு ஆராதனை முடிந்து வைத்தால் என்ன?

பாகான் ஜெர்மால் பையன்:
ஞாயிறு மத்தியானம் அந்த இடத்தை நேப்பாளச் சபை ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம் அக்கா. அதனால்தான் சனிக்கிழமை. ஓய்வுநாள் பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். சி ஸ்கேலில் வாசிப்பாள், மற்ற சுருதிகளுக்கு டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொள்வாள். தாளம் நன்றாக இருக்கிறது, பயம் மட்டும்தான்.

பாட்டியிடம் நேற்று பேசினேன். "நீ சபைக்குப் போ ஐயா, நான் வேன் பிடித்துத் தனியாகப் போய்க்கொள்வேன்" என்றார்.

மாக் மண்டின் அக்கா:
அப்படித்தான் சொல்வார்கள். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். நம்பிவிடாதே.

விதைப்பவன்:
அக்கா, பாட்டி விசுவாசத்தோடு சொன்னதாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? பேரன் ஆராதனையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னதை நாம் தள்ளிவிட்டு, அவருக்காகவே பேசுகிறோம் என்று சொல்வது சரியா?

கினபாலு போய் வந்தவள்:
ஆசை உண்மையாக இருக்கலாம் அண்ணா. மயக்கம் வருவதும் உண்மை.

பாகான் ஜெர்மால் பையன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடமும் எங்கள் தலைவரிடமும் உட்கார்ந்து பேசிவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பாட்டியோடு நான் போகிறேன். டயாலிசிஸ் முடிந்து பாட்டியை வீட்டில் விட்டபின், வாலிபர் கூட்டத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்வேன், வாசிக்க இல்லை, பிள்ளைகளோடு இருக்க. புதன் ராத்திரி அந்தப் பிள்ளைக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறேன், அவள் அம்மாவும் கூட வருவார். வி.பி.எஸ். உண்டு, டயாலிசிஸ் நாட்களில் காலையில் மட்டும். தோட்ட ஊழியம் வெள்ளி முதல் ஞாயிறு வரை என்பதால் இந்த முறை போகவில்லை. திங்கள், வெள்ளி தெரிந்தவர் கடையில் வேலை இருக்கிறது, டிக்கெட் காசுக்கு ஆகும்.

விதைப்பவன்:
தோட்டத்துக்குப் போகாதது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை தம்பி, அதை மறைக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை உன் சபைச் சகோதரிகளில் ஒருவரைப் பாட்டியோடு அனுப்பிவிட்டு நீ போயிருக்கலாம். உன் தலைவரிடம் அதை மட்டும் மறுபடியும் கேட்டுப் பார். அந்தப் பிள்ளைக்காக, சி ஸ்கேலிலேயே வாசிக்கிற மாதிரி நாங்கள் எழுதி வைத்திருக்கும் கீர்த்தனைக் கார்டுகள் இருக்கின்றன. இன்று ராத்திரி ஸ்கேன் செய்து இங்கே போடுகிறேன்.

மாக் மண்டின் அக்கா:
தோட்டத்துக்கு அடுத்த வருடமும் போகலாம் விதைப்பவன். கார்டுகளைப் போடுங்கள், எங்கள் சபைக்கும் வேண்டும். தம்பி, பாட்டிக்கு ஒரு கம்பளி எடுத்துக்கொண்டு போ, அங்கே ஏர்கான் குளிர் தாங்காது.