இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பக்கத்து பார்மசியைப் பழக்கம் பிடித்து வையுங்கள்

ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) பதிவு செய்யுங்கள், பேங்க் அக்கவுண்ட் திறவுங்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் வீடு பிடித்திருந்தால் பார்மசி கவுண்டரில் தமிழ் பேசுகிறவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தயங்காமல் தமிழிலேயே பேசுங்கள்.

வந்த புதிதில் மனைவியின் தைராய்டு மாத்திரைக்குச் சீட்டை நீட்டினேன். கவுண்டரில் இருந்த அக்கா பெயரைப் பார்த்துவிட்டு, "எவடம் நீங்கள்?" என்றார். வேதாரண்யம் என்றேன். "அட, கடலுக்கு அங்கால! நான் பருத்தித்துறை." அடுத்த கேள்வி, "இந்தக் குளிசைக்குக் காசு கட்டத் தேவையில்லை, சேர்ட்டிபிக்கட் எடுத்தனீங்களோ?"

அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தைராய்டு குறைவுக்குத் தொடர்ந்து லெவோதைராக்சின் எடுப்பவர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் (வெறும் உணவுக் கட்டுப்பாடு என்றால் கிடையாது) ஜிபி மூலம் மருத்துவ விலக்குச் சான்றிதழ் வாங்கலாம். அது 5 வருடம் செல்லும். அந்த நோய்க்கு மட்டுமல்ல, ஜிபி எழுதும் எல்லா மருந்தும் இலவசம். இல்லாவிட்டால் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், மூன்று மருந்து என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் வருவதற்கு முன்னால் மருந்துச் சீட்டில் உள்ள இலவசப் பெட்டியில் டிக் போட வேண்டாம், அபராதம் வரும். காசைக் கட்டிவிட்டு அப்போதே, பிறகு காசைத் திரும்ப வாங்க உதவும் எஃப்.பி.57 ரசீது கேளுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். அக்கா நான் கேட்காமலே அதை எழுதிக் கொடுத்து, "மூண்டு மாசத்துக்குள்ள குடுத்துக் காசை எடுங்கோ" என்றார். எடுத்தோம்.

ஊர்க்காரர் என்றால் விஷயம் ஊருக்குப் போய்விடுமோ என்ற பயம் நம் ஆட்களுக்கு உண்டு, குறிப்பாகப் பெண்களுக்கு. நோயாளி விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. கவுண்டரில் பேசக் கூச்சமாக இருந்தால் உள்ளே தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலான கடைகளில் இருக்கும்.

இன்னொன்று, 2024 ஜனவரியில் இருந்து தொண்டை வலி, சைனஸ், அக்கி, 16 முதல் 64 வயது வரையுள்ள பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று மாதிரி ஏழு தொல்லைகளுக்கு பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் தரலாம். ஜிபி அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காலை எட்டு மணிக்கு போனைக் காதில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். ஊரில் போல நாமே பெயரைச் சொல்லி ஆன்டிபயாடிக் கேட்டால் மட்டும் நடக்காது. அக்காவே என்றாலும் தர மாட்டார்.

அப்புறம், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். நம் பிராண்ட் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது, ஆனால் அட்டையில் இருக்கும் மூலமருந்தின் பெயரையும் அளவையும் பார்த்தால் புரிந்துகொள்வார்கள்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு இந்தக் காசுக் கணக்கு எதுவும் வேண்டாம். அங்கே மருந்துச் சீட்டு எல்லோருக்குமே இலவசம்.