மோதிர விரலை எடுக்காதே

குழு: தாத்தா பாட்டி 50 (ரகசியம்)

சனி, இரவு 8.10

மாலா அத்தை: அப்பா அம்மாவின் 50ஆம் கல்யாண நாளுக்கு இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது. அம்மா தினமும் முணுமுணுக்கும் அந்தப் பாட்டை நான் பாடுகிறேன், நிலா கிட்டார் வாசிக்கிறாள். அந்தத் திட்டம் அப்படியே இருக்கிறதா, மாறியதா?

நிலா: அத்தை, எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பரணிலிருந்து இறக்கி நாலு நாள்தான் ஆகிறது.

பெரியப்பா: எந்தப் பாட்டு?

மாலா அத்தை: அதேதான் பெரியண்ணா.

பெரியப்பா: அது சோகப் பாட்டு இல்லையா?

மாலா அத்தை: இல்லை.

சித்தப்பா: பரணிலிருந்தா? என் கிட்டாரா?

நிலா: ஆமாம் சித்தப்பா. உறையில் உங்கள் பெயர் பேனாவால் எழுதியிருக்கிறது.

சித்தப்பா: அது இன்னும் இருக்கிறதா!

மாலா அத்தை: பரணில் ஏற்றியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா: பரீட்சைக்காக ஏற்றினேன். முடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் எடுக்கவில்லை.

சித்தப்பா: விடு அண்ணா. நிலா, கம்பியெல்லாம் எப்படி இருக்கிறது? படம் அனுப்பு.

நிலா: (படம்)

சித்தப்பா: துரு ஏறிவிட்டது. ஆறையும் மாற்றிவிடு. கீழே கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையில், அதாவது பிரிட்ஜில், ஆறு பின் குத்தியிருக்கிறது பார், அதனால் ஸ்டீல் கம்பிதான் வாங்க வேண்டும். கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலான் கிட்டார். அதில் ஸ்டீல் போட்டால் இழுவை தாங்காமல் பிரிட்ஜே பெயர்ந்துவிடலாம். சுருதி சேர்க்கும்போது தடித்த கம்பியில் தொடங்கு: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. போனில் டியூனர் செயலி இருந்தால் போதும். புதுக் கம்பி முதல் சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். பயப்படாதே, ஒவ்வொரு முறையும் சேர்த்துவிட்டு வாசி.

அருண் அண்ணா: சரி

அருண் அண்ணா: பழைய ஆல்பம் யாரிடம் இருக்கிறது? ஸ்கேன் செய்ய வேண்டும்.

பெரியம்மா: மாலாவிடம்.

மாலா அத்தை: என்னிடம் இல்லை அண்ணி. உங்கள் பீரோவில்தான் கடைசியாகப் பார்த்தேன்.

ஞாயிறு, மாலை 5.42

நிலா: சித்தப்பா, பல கம்பி சேர்ந்து ஒலிக்கும் விரல் பிடியான கார்டுகளில் ஜி, டி இரண்டும் பிடித்துவிட்டேன். சி வரவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. எஃப் கார்டு பக்கமே போக முடியவில்லை.

சித்தப்பா: எஃப்பை இப்போது விட்டுவிடு. ஒரு விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் கார்டு அது, அதற்குக் கையில் பலம் சேர மாதங்கள் ஆகும். இந்தப் பாட்டுக்கு அது தேவையே இல்லை. நான்கு கார்டு போதும், அதையும் கை நகராத விதத்தில் பிடி. கவனமாகக் கேள். மெல்லிய கம்பிதான் 1, மேலே இருக்கும் தடித்தது 6. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுதான் ஃப்ரெட். மோதிர விரலை 2ஆம் கம்பியில் 3ஆம் ஃப்ரெட்டில் வை. சுண்டு விரலை 1ஆம் கம்பியில் அதே 3ஆம் ஃப்ரெட்டில் வை. நடுவிரல் 6ஆம் கம்பி 3ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் 5ஆம் கம்பி 2ஆம் ஃப்ரெட். இது ஜி.

சித்தப்பா: இப்போது மோதிர விரலும் சுண்டு விரலும் அசையக் கூடாது. மற்ற இரண்டையும் ஒவ்வொரு கம்பி கீழே இறக்கு. நடுவிரல் 5ஆம் கம்பி, ஆள்காட்டி 4ஆம் கம்பி. வந்துவிட்டது சி. சரியாகச் சொன்னால் அது சி ஆட் 9, ஆனால் சி வரும் இடத்தில் அழகாகப் பொருந்தும். தடித்த கம்பியை மட்டும் தட்டாதே.

நிலா: அட!

சித்தப்பா: அடுத்து ஈ மைனர், சரியாகச் சொன்னால் ஈ மைனர் 7. மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே. ஆள்காட்டி 5ஆம் கம்பி, நடுவிரல் 4ஆம் கம்பி, இரண்டுமே 2ஆம் ஃப்ரெட். டி பிடிக்கும்போது சுண்டு விரலை எடுத்துவிடு. ஆள்காட்டி 3ஆம் கம்பி, நடுவிரல் 1ஆம் கம்பி, இரண்டும் 2ஆம் ஃப்ரெட். கீழ் நான்கு கம்பியை மட்டும் மீட்டு. நான்கு கார்டிலும் மோதிர விரல் வைத்த இடத்தை விட்டு எழவே இல்லை, கவனித்தாயா? அந்த ஸ்வரம் டி. ஜி சுருதிக்கு, அதாவது 5 கட்டைக்கு, அது பஞ்சமம். தம்புராவில் பஞ்சமம் நின்று ஒலிக்குமே, அதுபோலப் பாட்டு முழுக்க அடியில் நிற்கும். மாலாவுக்குப் பிடித்துப் பாடவும் வசதி.

மாலா அத்தை: டேய் முரளி, எனக்கு 5 கட்டை பத்தாது. 6.

பெரியம்மா: 5½ போதும். எல்லோரும் கூடச் சேர்ந்து பாட வேண்டாமா?

மாலா அத்தை: எல்லோரும் பாடுவதாக எப்போது முடிவானது அண்ணி?

பெரியப்பா: நான் பாடுகிறேன்

அருண் அண்ணா: அப்பா வேண்டாம்

சித்தப்பா: எத்தனை கட்டையாக இருந்தாலும் நிலா கவலைப்பட வேண்டாம். காப்போ என்று ஒரு கவ்வி இருக்கிறது. 1ஆம் ஃப்ரெட்டில் மாட்டினால் 5½, 2இல் மாட்டினால் 6. கார்டு மாறாது, விரல் மாறாது. நீங்கள் இருவரும் முடிவு செய்தால் போதும்.

ஞாயிறு, இரவு 9.15

நிலா: விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. ஜி நன்றாகக் கேட்கிறது. டி-யில் கடைசிக் கம்பி டொக் என்று மட்டும்தான் வருகிறது. (குரல் பதிவு 0:14)

சித்தப்பா: கேட்டேன். மோதிர விரல் சாய்ந்து 1ஆம் கம்பியைத் தொடுகிறது. விரலின் முதல் கணுவை நன்றாக மடக்கி, நுனி நேராகக் குத்தி நிற்பதுபோல் வை. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறாயா? ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, சற்றுப் பின்னால் அழுத்து. தள்ளி வைத்தால் இரண்டு மடங்கு பலம் கொடுத்தாலும் கரகர என்றுதான் வரும். அப்புறம், ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராதே. 15 நிமிடமாக மூன்று முறை போதும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் தடித்து எரிச்சல் போய்விடும்.

அப்பா: கொப்புளம் வந்தால் நிறுத்திவிடு நிலா.

சித்தப்பா: ஆமாம், அண்ணா சொல்வது சரி. ஒரு நாள் ஓய்வு கொடு.

மாலா அத்தை: இருவரும் ஒத்துப்போகிறார்கள்!

புதன், இரவு 7.30

சித்தப்பா: நிலா, கடிகாரம் வைத்தாயா?

நிலா: வைத்தேன். ஜி-யிலிருந்து டி, ஒரு நிமிடத்தில் முதல் நாள் 11 முறை. இன்று 26. சி-க்குப் போவது இன்னும் எளிது. ஆனால் பாட்டோடு வாசித்தால் நின்றுவிடுகிறேன்.

சித்தப்பா: 26 நல்ல எண்ணிக்கை! நிற்பது இடது கையால் இல்லை. அது தாமதமானதும் வலது கையும் கூடவே நின்றுவிடுகிறது, அதுதான் காரணம். நிறுத்தாதே. விரல் வந்து சேராவிட்டாலும் திறந்த கம்பியைத் தட்டிக்கொண்டே போ, தாளம் மட்டும் விழக் கூடாது. இப்போதைக்கு ஓர் அடிக்கு நான்கு தட்டு, எல்லாம் மேலிருந்து கீழே. காலால் தாளம் போடு. பாட்டின் வேகத்தில் பாதியில் தொடங்கு. கேட்பவர்களுக்குத் தப்பான ஸ்வரம் தெரியாமல் போகலாம், தாளம் அறுந்தால் உடனே தெரியும்.

பெரியப்பா: கிட்டார் படம் நன்றாக இருக்கிறது என்று போட்டேன், ஒருவரும் பதில் சொல்லவில்லையே

அருண் அண்ணா: எங்கே போட்டீர்கள்?

அருண் அண்ணா: அப்பா அது பெரிய குழு. தாத்தா இருக்கிறார்.

பெரியம்மா: உடனே அழியுங்கள்

பெரியப்பா: அழித்தாகிவிட்டது

மாலா அத்தை: அழிப்பதற்கு முன்னாலேயே அப்பா கட்டைவிரல் போட்டிருந்தார்.

நிலா: தாத்தா என்னிடம் தனியாகக் கேட்டார், "முரளி கிட்டாரா?" என்று. என்ன சொல்வது?

சித்தப்பா: ஆமாம் என்று சொல்லிவிடு.

சித்தப்பா: அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அருண் அண்ணா: ஆல்பம் கிடைத்ததா?

பெரியம்மா: தேடுகிறேன்.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: முரளி, ஞாயிறு வருகிறாயா? நிலாவுக்கு ஒருமுறை நேரில் பிடித்துக் காட்டு. காப்போ நான் வாங்கி வைக்கிறேன்.

சித்தப்பா: வருகிறேன் அண்ணா. காலையிலேயே.

மாலா அத்தை: அப்போ 6 கட்டைதானே?

பெரியம்மா: ஞாயிறு பேசிக்கொள்ளலாம்.