நீச்சல் குளத்தைத் துப்புரவு செய்யும் கருவி நகரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

புதுவீடு (டூங்காபி, சிட்னி)
வணக்கம். ஜூலையில் நாங்கள் வாங்கிய வீட்டோடு நீச்சல் குளமும், அதன் தரையைச் சுத்தம் செய்யும் தானியங்கிக் கருவியும் வந்தன. நீண்ட குழாயின் நுனியில் ‘டக் டக்’ என்று துடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் வகை அது. செப்டம்பரில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது படிக்கட்டு ஓரம் போய் நின்றுவிடுகிறது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சாண் நகர்ந்தால் அதிகம். துடிப்பும் மெலிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜகரண்டா மரம் பூத்துக் கொட்டுவதால் குளத்தின் அடியில் ஊதா நிறத்தில் மெத்தை போட்டதுபோல் கிடக்கிறது.

கூடையைக் காலி செய்தேன். மணல் ஃபில்டரை இந்த வாரம் மட்டும் மூன்று முறை பின்னோட்டம் விட்டுக் கழுவினேன். டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வையும் புதிதாக வாங்கி மாற்றிவிட்டேன். பலனில்லை. கருவியையே மாற்ற வேண்டுமா? சனிக்கிழமை மகளின் பிறந்தநாள். அவளுடைய தோழிகள் எல்லோரும் வருகிறார்கள்.

தடாகக்காரன் (பிரிஸ்பேன்)
தம்பி, கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், பொறுங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் அழுத்தமானியின் முள் இப்போது எங்கே நிற்கிறது?

புதுவீடு
50 கிலோபாஸ்கல், அண்ணா. பழைய வீட்டுக்காரர் ஃபில்டரின் மேல் ‘சுத்தம் 80, 140 வந்தால் கழுவு’ என்று எழுதி வைத்திருக்கிறார். 140ஐ நெருங்கவே இல்லையே, அப்படியானால் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

தடாகக்காரன்
ஃபில்டர் அடைத்தால் முள் ஏறும். உங்களுக்கு 80க்கும் கீழே இறங்கியிருக்கிறது. பம்புக்குப் போதிய நீர் வந்து சேரவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். குற்றம் பம்புக்கு முன்னால்தான் இருக்கிறது. நீங்கள் முப்பது தரம் கழுவினாலும் நீர்தான் வீணாகும்.

இந்த வகைக் கருவிக்குச் சொந்த மோட்டார் கிடையாது. ஃபெர்டினாண்ட் ஷோவியே 1974இல் தென்னாப்பிரிக்காவில் ‘கிரீப்பி கிராலி’யை உருவாக்கியபோதே சூட்சுமம் இதுதான்: பம்ப் நீரை உறிஞ்சுகிறது, அந்த இழுப்பு விட்டு விட்டு வரும்படி செய்தால் கருவி எட்டு வைத்து நகரும். இழுப்பு குறைந்தால் அது நின்றுவிடும்.

இழுப்பு இரண்டு வழிகளில் குறையும். ஒன்று அடைப்பு, மற்றது காற்று. பம்பை நிறுத்திவிட்டுக் கருவியைக் கழற்றித் தொண்டைக்குள் பாருங்கள். ஜகரண்டாப் பூ நனைந்தால் களிபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பம்பை ஓட்டி, அதன் கண்ணாடி மூடி வழியே கவனியுங்கள். நீர் தளும்ப நிறைந்திருக்கிறதா, குமிழி ஓடுகிறதா? குளத்தின் நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் (பம்ப் மேல்நீரை இழுக்கும், குளத்துச் சுவரில் உள்ள திறப்பு) பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

மெல்பர்ன் அக்கா
பம்ப் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால் அதன் வழியாகவும் காற்று நுழையும். அதற்கு வாஸ்லின் தடவாதீர்கள், பெட்ரோலியம் சில வகை ரப்பரை ஊதிக் கெடுத்துவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. இன்னொன்று, பம்ப் ஓடும்போது குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துச் சோதிக்காதீர்கள். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், தயவுசெய்து.

புதுவீடு
தொண்டையில் ஒரு கைப்பிடி பூவும், ஒரு குச்சியும் இருந்தன. எடுத்துவிட்டேன். முள் 55க்கு வந்தது, அவ்வளவுதான். மூடிக்குள் குமிழி விடாமல் ஓடுகிறது. வளையத்தை மாற்றியும் நிற்கவில்லை.

தடாகக்காரன்
நல்லது, காற்றுத்தான். பம்பை நிறுத்தி, ஸ்கிம்மரில் இருந்து குழாயை, அது மாட்டியிருக்கும் தட்டோடு கழற்றிவிடுங்கள். குழாய் இல்லாமல் பம்பை ஓட்டினால் குமிழி நிற்கிறதா? நின்றால் குழாயில் ஓட்டை. நிற்காவிட்டால் பம்புக்குப் போகும் பாதையில் எங்கோ கசிவு.

நின்றுவிட்டால் இப்படிச் செய்யுங்கள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி பம்பை ஓட்டுங்கள். ஒருவர் மூடியைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். மற்றவர் மிதக்கும் குழாயை மீட்டர் மீட்டராக நீருக்குள் அமுக்கிப் பிடிக்கட்டும், ஒவ்வொரு துண்டையும் அரை நிமிடம். ஓட்டையுள்ள துண்டு நீருக்குள் போனதும் காற்றுக்குப் பதில் நீரை இழுக்கும், குமிழி நின்றுவிடும்.

புதுவீடு
கண்டுபிடித்துவிட்டோம்! நான் குளத்தில் இறங்கிக் குழாயை அமுக்கினேன், மகள் பம்புப் பக்கம் நின்றாள். ஸ்கிம்மரில் இருந்து எண்ணினால் நான்காவது துண்டு. அதை அமுக்கிய சில நொடிகளில் ‘நின்றுவிட்டது அப்பா, நின்றுவிட்டது’ என்று கத்தினாள். மேலே எடுத்துப் பார்த்தால், இணைப்புக் கழுத்தை ஒட்டிய மடிப்பில் நகத்தின் நீளத்துக்கு ஒரு விரிசல். வளைத்தால் மட்டும் வாய் திறக்கிறது, நிமிர்த்தினால் கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தத் துண்டை எடுத்துவிட்டு புதியதை மாட்டினேன். முள் 80. கருவி துடிக்கிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. ஆனால் இப்போது வலப்பக்கமாகவே வட்டமடிக்கிறது, ஆழமான மூலைக்குப் போவதில்லை. குளிர்காலம் முழுக்கக் குழாயைச் சுருட்டித் தரையில் போட்டிருந்தேன். அதனாலா?

தடாகக்காரன்
அதனாலேதான். சுருட்டியே கிடந்ததால் குழாய்க்கு அந்த வளைவு பழகிவிட்டது. அந்தப் பக்கமே கருவியை இழுக்கும். துண்டு துண்டாகக் கழற்றி, நல்ல வெயிலில் சில மணி நேரம் நேராகக் கிடத்துங்கள். திரும்ப மாட்டும்போது துண்டுகளின் வரிசையை மாற்றி, ஒன்றுக்கொன்று சற்றுத் திருப்பி மாட்டுங்கள். மூலைக்கு எட்டுகிறதா என்று அளந்தும் பாருங்கள்: ஸ்கிம்மரில் இருந்து மிகத் தொலைவான இடத்துக்கு உள்ள தூரத்தைவிடக் குழாய் ஒரு துண்டு நீளமாக இருந்தால் போதும்.

பிறந்தநாளன்று பிள்ளைகள் இறங்கும் முன் பம்பை நிறுத்தி, கருவியையும் குழாயையும் வெளியே எடுத்து நிழலில் நீட்டிப் போடுங்கள்.

புதுவீடு
நேராக வெயிலில் போட்டுவிட்டேன், அண்ணா. மாலையில் மாட்டுகிறேன்.