எடை இப்படியே நிற்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும்?

சிப்புட் பிள்ளை:
அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். எனக்கு 22 வயது, உயரம் 157 சென்டிமீட்டர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். ஈப்போவில் ஃபேக்டரி வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ், அப்புறம் எட்டு மணி நேரம் நின்றபடியே சாமான் அடுக்க வேண்டும்.

57 கிலோ இருந்தேன். போனில் ஒரு செயலி 1,200 கலோரி என்றது. மூன்றரை மாதம் அதையே பிடித்துக்கொண்டு 50க்கு வந்துவிட்டேன். இதற்கு மேல் குறைய வேண்டாம். ஆனால் சோற்றைக் கூட்டினால் பழையபடி ஏறிவிடுமோ என்று பயம். மத்தியானம் கை நடுங்குகிறது, முடி கொத்தாகக் கொட்டுகிறது, மாதவிலக்கு இரண்டு மாதமாக வரவில்லை. அம்மா தட்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார். எத்தனை கலோரி சாப்பிட்டால் இந்த 50 நிற்கும்?

கோலகங்சார் அக்கா:
தங்கச்சி, எனக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கிளினிக்கில் உணவு ஆலோசகர் உட்கார வைத்துப் போட்டுக் காட்டிய கணக்கு இது. மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்பார்கள், 1990இல் வந்தது. எடையைப் பத்தால் பெருக்கு: 500. உயரத்தை 6.25ஆல்: 981. இரண்டையும் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிய 110ஐயும், பெண்களுக்கான 161ஐயும் கழி. 1,210 வருகிறதா?

அது நாள் முழுக்கப் பாயில் அசையாமல் படுத்திருந்தாலே உன் இதயமும் மூளையும் ஈரலும் கேட்கிற அளவு. நீ அதைக் கூட முழுசாகக் கொடுக்காமல் எட்டு மணி நேரம் நின்றிருக்கிறாய். படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

நின்று செய்கிற வேலைக்கு அதை 1.375இலிருந்து 1.55 வரை பெருக்கலாம். ஏறக்குறைய 1,660 முதல் 1,880 வரை. 1,750இல் தொடங்கு. இப்போது சாப்பிடுவதோடு ஒரு கோப்பைச் சோறு 200, முட்டை 70, ஒரு கை கச்சான் (வேர்க்கடலை) 170, ஒரு கிளாஸ் பால் 130 சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்கு ஒன்றாகச் சேர். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரில் மட்டும் கூட்டாதே, அதில் சீனிதான் அதிகம்.

பழைய மண்டோர்:
அக்கா போட்ட கணக்கு சரி. ஆனால் மாதவிலக்கு நின்றதை இங்கே கேட்டு முடிக்காதே, மா. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான், லீவு போட்டாவது போ. என் மகள் இப்படித்தான் பட்டினி கிடந்து பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்தால் இரும்புச்சத்து குறைந்திருந்தது.

நான் செம்பனைக் குலை அறுத்த காலத்தில் பசியாற மூன்று ரொட்டி சானாய், மத்தியானம் மலைபோல் சோறு. அந்த வேலைக்கு அது கரைந்தது. உனக்கு அவ்வளவு வேண்டாம். அதற்காக 1,200ம் இல்லை. சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு-சுக்கு-செப்பாரோ (மலாயில் கால்-கால்-பாதி) தட்டைப் பார்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதி கீரை, காய், பழம். அம்மா வைக்கிற தட்டில் மீனையும் கீரையையும் தள்ளாதே.

சிப்புட் பிள்ளை:
இரண்டு வாரம் ஆச்சு. சோறும் முட்டையும் சேர்த்தேன். கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் தராசில் 700 கிராம் கூடியிருக்கிறது, அக்கா. நேற்று முட்டையை விட்டுவிட்டேன்.

கோலகங்சார் அக்கா:
விடாதே. அது பெரும்பாலும் கொழுப்பு இல்லை. காலியாக இருந்த தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, நிரம்புகிறது, ஒவ்வொரு கிராமும் கூடவே ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். காலையில் பசியாறுவதற்கு முன் நிறுத்துப் பார், ஒரு வாரத்துக்குக் கூட்டிச் சராசரி எடு. ஒரு மாதம் போகட்டும். ஏறிக்கொண்டே இருந்தால் 100 கலோரி குறைக்கலாம், அவ்வளவுதான். கிளினிக் போனாயா?

சிப்புட் பிள்ளை:
போனேன், அக்கா. இரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட். இன்றைக்கு முட்டை சாப்பிட்டேன்.