சொட்டுநீர் மானியம் உழுறவருக்கா, பட்டாக்காரருக்கா?

மேட்டுக்காடு_அரூர்:
வணக்கம். அரூர் பக்கம் மூணு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நானும் வீட்டுக்காரரும் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் போடுறோம். சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயின்னா 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம்னு சொல்றாங்க. கேட்கப் போனா முதல் கேள்வியே "சிட்டா யார் பேர்ல இருக்கு?"ங்கிறதுதான். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் சேலத்துல இருக்கார், எல்லாம் அவர் பேர்ல.

பக்கத்துக் காட்டுல பன்னெண்டு ஏக்கர் வச்சிருக்கிற குடும்பம், மனைவி பேர், பையன் பேருன்னு பட்டாவைப் பிரிச்சு ஆளுக்கொரு சிறு விவசாயி சான்று வாங்கி முழு மானியமும் எடுத்துட்டாங்க. சட்டப்படி தப்பில்லைதான். ஆனா ராத்திரி கரண்டு வர்ற நேரம் பார்த்து எந்திரிச்சுப் போய், மஞ்சக் காட்டுக்குள்ள முட்டளவு சேத்துல நின்னு மடை மாத்துறது நாங்க. குத்தகைக்காரங்க இந்த மானியத்தை வாங்க வழி இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பணி_ஓய்வு_தோட்டக்கலை:
இருக்கும்மா, ஆனா குறுகின வழி. குத்தகை நிலத்துக்குக் குறைஞ்சது 7 வருஷத்துக்குப் பதிவு பண்ணின ஒப்பந்தம் வேணும். ஒரு தடவை மானியம் வாங்கின நிலத்துக்கு மறுபடி வாங்கவும் 7 வருஷம் ஆகணும்.

மத்திய அரசுத் திட்டத்துல சிறு, குறுவுக்கு 55, மத்தவங்களுக்கு 45 சதவீதம்தான். நம்ம மாநில அரசு மேல போட்டுத்தான் 100, 75 ஆகுது. பயிர் இடைவெளியை வச்சு ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை உண்டு, அதுக்கு மேல போனா கைக்காசு. மஞ்சளுக்கு வரிசை நெருக்கம், குழாய் நிறைய இழுக்கும். கம்பெனிக்காரங்க கிட்ட மதிப்பீட்டை முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. பணம் உங்க கைக்கு வராது, ஆய்வு முடிஞ்சதும் கம்பெனிக்குத்தான் போகும்.

நிலம்_விட்டவன்:
காட்டுக்காரன் பக்கத்தையும் சொல்லணும். ஏழு வருஷத்துக்குப் பதிவு பண்ணிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, எழுதிக் கொடுத்துட்டா நிலம் திரும்பாதுன்னு எங்க அப்பா காலத்துப் பயம். அதனால என் பேர்லயே விண்ணப்பிச்சு, குத்தகைக்காரர் காட்டுல குழாய் போட்டுக் கொடுத்தேன். காட்டுக்காரர்கிட்ட இப்படிக் கேட்டுப் பாருங்க.

கால்பங்கு_கிணறு:
சொந்தக் காடு இருந்தா மட்டும் கிடைச்சுடுமா? எங்களுது கூட்டுப் பட்டா. கிணத்துல கால் பங்கு, மோட்டார் பெரியப்பா பேர்ல. பங்காளிங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் காகிதம் நகரும், ஒருத்தர் திருப்பூர்ல இருக்கார், போனே எடுக்க மாட்டார். 2015-16 வேளாண் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஒரு விவசாயி கையில இருக்கிற நிலம் சராசரி 0.75 ஹெக்டேர்தான், அதாவது ரெண்டு ஏக்கருக்கும் கீழே. அந்த ரெண்டு ஏக்கரும் தனிப் பட்டாவா, தனிக் கிணறோட இருக்கிறவங்க எத்தனை பேர்? தண்ணி வசதி இருக்கிறவருக்குத்தான் தண்ணி சேமிக்கிற மானியம் சுலபமாப் போகுது. எனக்கு இதுல கோபம் கோபமா வருது.

மேட்டுக்காடு_அரூர்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஐயா சொன்ன பதிவு ஒப்பந்தத்துக்கு எங்க காட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார், வருஷா வருஷம் வாய்வார்த்தைதான். அவர் பேர்லயே போடச் சொல்லிக் கேட்கிறேன். ஆனா குழாய் வந்ததும் குத்தகையை ஏத்திட்டாலோ, வேற ஆளுக்கு விட்டுட்டாலோ என்ன பண்றது? நிலம் விட்ட அண்ணா, நீங்க அப்போ எழுத்துல ஏதாவது கொடுத்தீங்களா?

இன்னொண்ணு, பயிர்க் காப்பீட்டுக்கு விஏஓ கொடுக்கிற அடங்கலை, அதாவது எந்தக் காட்டுல என்ன பயிர்ங்கிற பதிவை வச்சுக் குத்தகைக்காரங்களையும் சேர்த்துக்கிறாங்களே. அதே அடங்கல் சொட்டுநீருக்கு மட்டும் ஏன் செல்லாது? அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல இதை மனுவா எழுதிக் கொடுக்கப் போறேன். பக்கத்துல இருக்கிறவங்க கையெழுத்துப் போட வாங்க.